குடம்புளி மாத்திரையா, பச்சைத் தேயிலை மாத்திரையா?

மார்த்தாண்டத்தில் மீன் குழம்பில் கிடக்கும் கறுத்த குடம்புளித் துண்டைத் தட்டின் ஓரமாக ஒதுக்கிவிட்டுத்தான் சாப்பிடுவோம். அதே பழத்தோலின் சாறு மாத்திரையாகி, எடை குறைக்கும் மருந்தென்று நாகர்கோவில் கடைகளில் நிற்கிறது. பக்கத்திலேயே பச்சைத் தேயிலை மாத்திரை.

குடம்புளியிலுள்ள ஹைட்ராக்சிசிட்ரிக் அமிலம், உடல் கொழுப்பைத் தயாரிக்க உதவும் ஒரு நொதியைத் தடுக்கிறது. எலிகளிடம் பலித்தது. மனிதர்களிடம்? 1998-இல் வெளியான அமெரிக்க ஆய்வில் 135 பேர், 12 வாரம், தினம் 1,500 மில்லிகிராம் அந்த அமிலம். மருந்து சாப்பிட்டவர்கள் சராசரியாக 3.2 கிலோ இளைத்தார்கள். வெற்று மாத்திரை விழுங்கியவர்கள் 4.1 கிலோ! அந்த வித்தியாசமும் தற்செயலாக இருக்கக்கூடியதே. இரு தரப்புமே உணவைக் குறைத்திருந்தார்கள்.

தேயிலையின் கதையும் பெரிதில்லை. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி அலசும் காக்ரேன் அமைப்பு 2012-இல் வெளியிட்ட தொகுப்பாய்வு, எடைக்குறைவு பொருட்படுத்தும் அளவுக்கு இல்லை என்றது.

கல்லீரல் பாதிப்பு இரண்டிலுமே பதிவாகியிருக்கிறது. தேயிலையில் இ.ஜி.சி.ஜி. என்ற பொருள் மாத்திரையாகத் தினம் 800 மில்லிகிராமைத் தொட்டால் ஆபத்து என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் எச்சரித்தது. கோப்பையில் குடிக்கும் தேநீருக்கு அந்தப் பயம் பெரும்பாலும் இல்லை.

எனக்கு இரண்டு புட்டியும் வேண்டாம். குடம்புளி சாளைக் குழம்பிலேயே இருக்கட்டும்.