மருந்துக் கடையில் கூகுள் ட்ரெண்ட்ஸ்

மதுரை கோரிப்பாளையத்தில், பெரியாஸ்பத்திரிக்குப் பக்கத்தில் மருந்துக் கடை வைத்திருக்கிறேன். மேலூரிலிருந்தும் உசிலம்பட்டியிலிருந்தும் காய்ச்சலோடு வருபவர்கள், டாக்டர் சீட்டுக்கு முன்னால் போனை நீட்டுகிறார்கள். "அக்கா, கூகுள்ல பாத்தேன், தட்டணு குறைஞ்சா பப்பாளி இலைச்சாறு குடிக்கணுமாம்ல?" என்பார்கள். இப்படி எத்தனை பேர் தேடுகிறார்கள் என்று பார்க்கத்தான் இரண்டு வருடம் முன்பு, ஒரு சொல்லைத் தேடுவது எப்போது கூடுகிறது, குறைகிறது என்று கோடு போட்டுக் காட்டும் கூகுள் ட்ரெண்ட்ஸைத் திறந்தேன். காசு கிடையாது, போனிலேயே பார்க்கலாம்.

அதில் வரும் 100 என்ற எண்ணைப் புரிந்துகொள்ள எனக்கு நாளாயிற்று. அது ஆள் கணக்கு இல்லை. நாம் எடுத்த காலத்தில், அந்தப் பகுதியின் மொத்தத் தேடல்களில் ஒரு சொல்லின் பங்கு எப்போது உச்சமோ, அந்தப் புள்ளிக்கு 100. மற்றவை அதை ஒட்டி. 0 வந்தால், கணக்கில் காட்டும் அளவுக்குத் தேடல் இல்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டும். சரி, எத்தனை பேர் என்பது கிடைக்காது. எப்போது கூடுகிறது என்பது கிடைக்கும். எனக்கு அது போதும். ஐப்பசி மழை தொடங்கியதும் தமிழ்நாட்டை மட்டும் வைத்து டெங்குவைப் பார்ப்பேன். கோடு ஏறினால் பாராசிட்டமாலும் ஓ.ஆர்.எஸ்.ஸும் கூடுதலாக வேண்டியிருக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவைப்பேன்.

டெங்கு என்று தமிழில் தட்டினால் ஒரு கோடு, ஆங்கில எழுத்தில் தட்டினால் வேறு கோடு. கீழே வரும் பட்டியலில் நோய் என்று குறிப்பிட்டிருக்கும் டெங்குவைத் தொடுங்கள். எல்லா மொழித் தேடலையும் சேர்த்துக் காட்டும்.

அப்பாவுக்குச் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று பார்க்கும் ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் கூடுதலாக, 1.8 என்று வந்த இரவு நான் தூங்கவில்லை. ஒரே கேள்வியை விடியும்வரை தட்டிக்கொண்டிருந்தேன். ஒரே ஆள் சிறிது நேரத்துக்குள் திரும்பத் திரும்பத் தேடுவதை ட்ரெண்ட்ஸ் கழித்துவிடும். கணக்குக்கு அதுதான் நியாயம். ஆனாலும் அன்று நான் பட்ட பாடு அந்தக் கோட்டில் இருக்காது. அப்பத்தாவுக்காகப் பேரன் தேடும்போது நோயாளி யார் என்பதும் அதில் தெரியாது.

தேடலை வைத்தே நோயை அளக்க கூகுள் 2008-இல் ஃப்ளூ ட்ரெண்ட்ஸ் தொடங்கியது. அமெரிக்காவில் 2012-13 குளிர்காலத்தில், ஃப்ளூ அறிகுறியோடு மருத்துவரிடம் போனவர்களின் விகிதத்தை உண்மையில் இருந்ததைவிட ஏறக்குறைய இரண்டு மடங்காகக் காட்டியது. 2015-இல் நிறுத்திவிட்டார்கள். செய்தியைப் பார்த்து நல்ல உடம்போடு இருப்பவர்களும் தேடியதை ஒரு காரணமாகச் சொன்னார்கள். நம்புகிறேன். டிவியில் டெங்கு என்று வந்த மறுநாள், வீட்டில் யாருக்கும் காய்ச்சல் இல்லாதவர்களும் என் கடையில் நிலவேம்புப் பொடி கேட்கிறார்கள்.

அதனால் பக்கத்தில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். அன்றன்று வரும் காய்ச்சல் சீட்டுகளை அதில் குறிப்பேன். ட்ரெண்ட்ஸ் கோடும் நோட்டுக் கணக்கும் சேர்ந்து ஏறினால்தான் சரக்கு எடுப்பேன். அப்புறம், அந்த நாட்களில் காய்ச்சல், உடம்பு வலி என்று சீட்டில்லாமல் ஐபுப்ரூஃபன் கேட்டால் தரமாட்டேன். டெங்குவாக இருந்தால் ரத்தக் கசிவைக் கூட்டிவிடும். ரத்தப் பரிசோதனைக்குப் பெரியாஸ்பத்திரியைக் கைகாட்டி அனுப்பிவிடுவேன்.