ஆஸ்கர் 2024: யாருக்குக் கிடைக்கும், என் ஓட்டு யாருக்கு

மார்ச் 10ஆம் தேதி 96ஆவது ஆஸ்கர் விழா. ஓட்டுப்போடும் நாட்கள் பிப்ரவரி 27ஓடு முடிந்துவிட்டன, இனி யார் என்ன எழுதினாலும் முடிவு மாறப்போவதில்லை. ஆனாலும் இந்த வருடப் பட்டியலைப் பார்த்துவிட்டு எழுதாமல் இருக்க முடியவில்லை. முக்கியமான பிரிவுகள் பெரும்பாலானவற்றில் இரண்டு நல்ல படங்கள் நேருக்கு நேர் நிற்கின்றன. அவற்றில் பல, தாங்கள் பேச வந்த கொடுமையைத் திரையில் காட்டாமலே பேசுகிற படங்கள். என் தேர்வுகள் பலவும் அந்த இடத்தில்தான் முடிவாகின்றன.

எல்லோரும் சிறந்த படத்தில் தொடங்குவார்கள் அல்லது அதைக் கடைசிக்கு வைத்திருப்பார்கள். நான் ஒலியில் தொடங்குகிறேன். இந்த வருடத்தின் உண்மையான மோதல் அங்கேதான் இருக்கிறது: 'ஓப்பன்ஹைமர்', 'தி ஸோன் ஆஃப் இன்ட்ரஸ்ட்'.

இரண்டுமே பெருங்கொலையைப் பற்றிய படங்கள். இரண்டிலும் கொலை திரைக்கு வெளியே நடக்கிறது. 'ஓப்பன்ஹைமர்' படத்தில் 1945 ஜூலை 16 அன்று நடந்த முதல் அணுகுண்டுச் சோதனையான டிரினிட்டியை நினைத்துப் பாருங்கள். வெளிச்சம் முதலில் வருகிறது. சத்தம் வரவில்லை. மூச்சு மட்டும் கேட்கிறது. நாம் சற்றே தளரும் நேரத்தில் அந்த இடி வந்து மோதுகிறது. அப்புறம் ஹிரோஷிமாவுக்குப் பிறகு, குண்டைச் செய்த விஞ்ஞானி ஓப்பன்ஹைமர் அரங்கில் பேசும் காட்சி: கூட்டம் தரையில் காலை உதைத்து ஆரவாரம் செய்கிறது, திடீரென்று எல்லாச் சத்தமும் அறுந்து போகிறது. தியேட்டரில் உடம்பே அதிர்ந்த அனுபவம் அது.

'ஸோன்' வேறு வழியில் போகிறது. நாஜிகளின் ஆஷ்விட்ஸ் வதைமுகாமின் தளபதி ருடால்ஃப் ஹோஸ் தன் மனைவி, குழந்தைகளோடு முகாமின் மதிலை ஒட்டிய வீட்டில் வாழ்கிறார். அழகான தோட்டம், பிறந்தநாள் பரிசு, நீச்சல் தொட்டி. மதிலுக்கு அந்தப் பக்கம் இருந்து துப்பாக்கிச் சத்தம், அலறல், உலைகளின் ஓயாத உறுமல். வீட்டில் யாரும் தலைதூக்கிப் பார்ப்பதில்லை. படம் பாதியைத் தாண்டும்போது நமக்கும் அது பின்னணி இரைச்சலாகிவிடுகிறது. நமக்கும் பழகிவிட்டது என்று உறைக்கும்போதுதான் படம் நம்மைப் பிடிக்கிறது. இதை வசனம் எழுதிச் செய்ய முடியாது, ஒலியால் மட்டுமே முடியும். பிரிட்டனின் பாஃப்டா விருதுகளில் ஒலிக்கான விருது இந்தப் படத்துக்கே போனது. ஆஸ்கரில் 'ஓப்பன்ஹைமர்' அலையில் இது அடித்துச் செல்லப்படலாம் என்ற பயம் எனக்கு உண்டு. என் ஓட்டு இந்த ஒலியை அமைத்த ஜானி பர்ன், டார்ன் வில்லர்ஸ் இருவருக்கும்தான். இந்த இரவில் நான் மிகவும் எதிர்பார்க்கும் அறிவிப்பு இதுவே.

சிறந்த நடிகை பிரிவில்தான் கணிப்பவர்கள் எல்லோரும் திணறுகிறார்கள். எம்மா ஸ்டோனா, லில்லி கிளாட்ஸ்டோனா? ஸ்டோன் கையில் பாஃப்டாவும் கிரிட்டிக்ஸ் சாய்ஸும் இருக்கின்றன. கிளாட்ஸ்டோன் கையில் நடிகர்கள் சங்கத்தின் சாக் விருது இருக்கிறது. கோல்டன் குளோப் நாடகம், நகைச்சுவை என்று இரண்டாகப் பிரித்துக் கொடுப்பதால் ஆளுக்கொன்று கிடைத்தது. ஒன்றை மறக்கக் கூடாது: பாஃப்டா கிளாட்ஸ்டோனைப் பரிந்துரைக்கவே இல்லை. அங்கே ஸ்டோன் வென்றதை வைத்து இருவரின் பலத்தையும் அளக்க முடியாது.

'புவர் திங்ஸ்' படத்தில் ஸ்டோன் செய்திருப்பது அசாத்தியமான வேலை. வளர்ந்த பெண்ணின் உடலில் குழந்தையின் மூளை. நடை முதலில் முழங்கால் மடங்காமல் தடுமாறுகிறது, பிறகு சீராகிறது. ஒற்றைச் சொற்களில் தொடங்கும் பேச்சு தத்துவ விவாதம் வரை போகிறது. அந்த வளர்ச்சியின் ஒவ்வொரு படியையும் நாம் கண்ணால் பார்க்க முடிகிறது. துணிச்சல், நகைச்சுவை, உடல்மொழி எதிலும் குறை சொல்ல இடமில்லை.

'கில்லர்ஸ் ஆஃப் தி ஃப்ளவர் மூன்' படத்தில் கிளாட்ஸ்டோனின் மோலி நேர் எதிர். 1920களின் ஓக்லஹோமா, எண்ணெய்ப் பணத்தால் செல்வந்தர்களான ஓசேஜ் மக்கள் ஒவ்வொருவராகக் கொல்லப்படுகிறார்கள். மோலி தன் சகோதரிகளை இழக்கிறாள். அவளுக்கு ஊசி போடும் கணவன் எர்னஸ்டே அந்தச் சதியில் இருக்கிறான். 206 நிமிடப் படத்தில் கிளாட்ஸ்டோன் திரையில் இருப்பது பாதிக்கும் குறைவான நேரம்தான், அதனால் துணை நடிகை பிரிவுக்குப் போயிருக்க வேண்டும் என்று சிலர் சொன்னார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. அவள் இல்லாத காட்சிகளிலும் படம் அவளைச் சுற்றித்தான் நடக்கிறது. ஆரம்பத்தில் ஒரு மழைக்காட்சி வரும். எர்னஸ்ட் எதையாவது பேசிக்கொண்டே இருக்கப் பார்க்கிறான், அவள் அவனை அமைதியாக உட்காரச் சொல்கிறாள். புயலுக்குத் தர வேண்டிய மரியாதை அது. அந்த ஒரு காட்சியில் அவள் யார் என்று தெரிந்துவிடுகிறது. கடைசியில், ஊசியில் என்ன கொடுத்தாய் என்று கேட்டு, பதிலுக்காக அவன் முகத்தைப் பார்க்கிறாளே, அந்தப் பார்வையில் கோபத்தைவிட, ஒரு தடவையாவது உண்மை வருமா என்ற காத்திருப்புதான் அதிகம். அவன் பொய் சொல்கிறான். அவள் எழுந்து போகிறாள், அவ்வளவுதான்.

ஸ்டோன் ஏற்கெனவே 'லா லா லேண்ட்' படத்துக்கு வாங்கியிருக்கிறார் என்பதோ, இந்தப் பிரிவில் பரிந்துரைக்கப்பட்ட முதல் அமெரிக்கப் பூர்வகுடிப் பெண் கிளாட்ஸ்டோன் என்பதோ என் முடிவுக்குக் காரணம் இல்லை. இரண்டு நடிப்பையும் பக்கத்தில் வைத்தால், எனக்கு இன்றும் புதிதாகத் தோன்றிக்கொண்டிருப்பது மோலியின் முகம்தான். என் ஓட்டு கிளாட்ஸ்டோனுக்கு. வெல்லப்போவதும் அவரே என்று நம்புகிறேன், நூலிழை வித்தியாசத்தில்.

இந்த இருவர் போட்டியின் நிழலில், இதே பட்டியலில் இருக்கும் சாண்ட்ரா ஹூலர் காணாமல் போனது வருத்தம். 'அனாடமி ஆஃப் எ ஃபால்', 'ஸோன்' என்று சிறந்த படத்துக்கான பட்டியலில் இருக்கும் இரண்டு படங்களிலும் அவர்தான் நாயகி. வேறொரு வருடமாக இருந்திருந்தால் தயங்காமல் அவர் பெயரை எழுதியிருப்பேன்.

சிறந்த நடிகர் பிரிவில் சிலியன் மர்ஃபியும் பால் ஜியாமட்டியும். 'தி ஹோல்டோவர்ஸ்' படத்தில் 1970 கிறிஸ்துமஸ் விடுமுறையில் விடுதியிலேயே மாட்டிக்கொள்ளும் சிடுசிடு வரலாற்று வாத்தியாராக ஜியாமட்டி நம்மை முழுதாகக் கவர்ந்துவிடுகிறார். இதே இயக்குநர் அலெக்ஸாண்டர் பெய்னோடு 2004இல் செய்த 'சைட்வேஸ்' படத்துக்கு அவர் பரிந்துரைக்கப்படவே இல்லை, அந்த அநியாயம் பலர் மனதில் இன்னும் இருக்கிறது. ஆனால் ஓப்பன்ஹைமராக மர்ஃபி. மூன்று மணி நேரப் படம், பாதி நேரம் கேமரா அவர் முகத்துக்கு அருகில். ஹிரோஷிமாவின் ஸ்லைடுகளைப் பார்க்கும் காட்சியில் இயக்குநர் நோலன் அந்தப் படங்களைக் காட்டுவதில்லை, பார்க்க முடியாமல் கண்ணைத் திருப்பும் மர்ஃபியை மட்டும் காட்டுகிறார். ஒரு நகரத்தின் அழிவை ஒரு முகம் சுமக்க வேண்டிய காட்சி, அந்த முகம் சுமக்கிறது. என் ஓட்டும் கணிப்பும் மர்ஃபிதான்.

துணை நடிப்புக்கான இரண்டு விருதுகளிலும் பெரிய சஸ்பென்ஸ் இல்லை. 'ஹோல்டோவர்ஸ்' படத்தில் மகனை வியட்நாமில் இழந்த சமையல்காரராக டேவைன் ஜாய் ராண்டால்ஃப், ஓப்பன்ஹைமரைப் பழிவாங்கும் ஸ்ட்ராஸாக ராபர்ட் டவுனி ஜூனியர். இருவருக்கும் என் சம்மதம் முழுமையானது.

அசல் திரைக்கதை எனக்கு மிகவும் கஷ்டமான முடிவு. செலின் சாங்கின் முதல் படம் 'பாஸ்ட் லைவ்ஸ்'. பன்னிரண்டு வருட இடைவெளிகளில் சந்தித்துப் பிரியும் இருவரின் கதை, அதில் கெட்டவர் என்று யாரும் இல்லை. கணவன் கதாபாத்திரத்தை இவ்வளவு கண்ணியமாக எழுதிய முக்கோணக் காதல் கதைகள் குறைவு. எதிரில் ஜஸ்டின் ட்ரீயேவும் ஆர்தர் ஹராரியும் எழுதிய 'அனாடமி'. அதன் உச்சம் கணவன் மனைவி சண்டை. கோர்ட்டில் ஓர் ஒலிப்பதிவாக ஓடத் தொடங்குகிறது, பிறகு சமையலறையில் நாமே நேரில் பார்க்கிறோம், கைகலப்பு தொடங்கும் நொடியில் படம் நம்மைக் கோர்ட்டுக்கே திருப்பி அனுப்பிவிடுகிறது. யார் யாரை அடித்தார்கள் என்பதைச் சத்தத்தை வைத்து நாமே தீர்மானிக்க வேண்டும். முழுப் படத்தின் கேள்வியும் அந்த ஒரு வெட்டில் இருக்கிறது. 'பாஸ்ட் லைவ்ஸ்' மனதுக்கு நெருக்கமான படம்தான், ஆனால் எழுத்துக்கான விருது 'அனாடமி'க்கு.

தழுவல் திரைக்கதையில் பாஃப்டா வாங்கிய 'அமெரிக்கன் ஃபிக்ஷன்' வெல்லும் என்று நினைக்கிறேன். நான் 'ஓப்பன்ஹைமர்' பக்கம். எழுநூறு பக்கத்துக்கு மேற்பட்ட வாழ்க்கை வரலாற்றை ஒரு விசாரணை, ஒரு செனட் கமிட்டி, ஒரு பழிவாங்கல் என்று திரிலர்போல மாற்றியது சாதாரண வேலை இல்லை. படத்தொகுப்பிலும் அதே காரணத்துக்காக ஜெனிஃபர் லேம். தெல்மா ஸ்கூன்மேக்கர் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு, மூன்று ஆஸ்கர் வாங்கியவர். ஆனாலும் அவர் தொகுத்த 'கில்லர்ஸ்' நடுவில் தளர்கிறது. அரங்க அமைப்பும் உடையும் 'புவர் திங்ஸ்' படத்துக்கு, அதில் பேச்சே இல்லை.

அனிமேஷனில் மியாசாகியின் 'தி பாய் அண்ட் தி ஹெரான்', எதிரில் இரண்டாவது 'ஸ்பைடர்-வெர்ஸ்'. பின்னது கண்ணுக்குத் திருவிழா, ஆனால் கதை பாதியில் நிற்கிறது. அடுத்த பாகம் வந்தால்தான் முழுமை என்னும் படத்துக்கு நான் ஓட்டுப்போட மாட்டேன். மியாசாகிக்கு.

விஷுவல் எஃபெக்ட்ஸில் 'தி கிரியேட்டர்' பிரமாதமாக இருக்கிறது. ஆனால் 'காட்ஸில்லா மைனஸ் ஒன்' 35 பேர் சேர்ந்து 610 ஷாட்டுகளில் செய்த வேலை, இயக்குநர் தகாஷி யமசாகியே எஃபெக்ட்ஸ் மேற்பார்வையாளர். அணுகுண்டின் நிழலில் 1954இல் பிறந்த ராட்சசனுக்கு, குண்டைச் செய்தவரின் படம் பட்டியலில் முதலிடத்தில் நிற்கும் வருடத்தில் முதல் ஆஸ்கர் பரிந்துரை. ஜப்பானில் 'ஓப்பன்ஹைமர்' மார்ச் 29ஆம் தேதிதான் வெளியாகவே போகிறது. காட்ஸில்லா வெல்ல வேண்டும்.

சரி, இயக்குநரும் படமும். நோலன் வெல்வார், இயக்குநர்கள் சங்க விருதுக்குப் பிறகு சந்தேகமே இல்லை. இதுவரை ஒரு ஆஸ்கர்கூட வாங்காதவர் என்பதும் சேர்ந்துகொள்ளும். என் ஓட்டு 'ஸோன்' இயக்குநர் ஜோனதன் கிளேஸருக்கு. வீட்டுக்குள் பத்து கேமராக்கள் வரை மறைத்து வைத்து, படக்குழுவை வெளியே அனுப்பிவிட்டு, நடிகர்களை அந்த வீட்டில் வாழவிட்டு எடுத்தார். ஹோஸின் மனைவி ஒரு ஃபர் கோட்டைப் போட்டுப் பார்த்து, அதன் பையில் இருக்கும் லிப்ஸ்டிக்கைப் பூசிக்கொள்ளும் காட்சி ஒன்று போதும். அந்தக் கோட்டின் சொந்தக்காரிக்கு என்ன ஆனது என்று யாரும் சொல்வதில்லை.

மார்ட்டின் ஸ்கார்செஸியும் இதே பட்டியலில் இருக்கிறார், 81 வயதில், பத்தாவது முறையாக. 'கில்லர்ஸ்' முடிவில் அவரே ஒரு வானொலி நாடக மேடையில் வந்து மோலியின் இரங்கல் குறிப்பை வாசிக்கிறார், அதில் கொலைகளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை என்கிறார். இந்த வருடம் நான் பார்த்த மிக நேர்மையான முடிவு அது.

சிறந்த படத்துக்கு மட்டும் உறுப்பினர்கள் பத்துப் படங்களையும் வரிசைப்படுத்தி ஓட்டுப்போடுகிறார்கள். யாருக்கும் பாதிக்கு மேல் வராவிட்டால் கடைசியில் இருக்கும் படத்தை நீக்கி, அந்த ஓட்டுகளை அடுத்த விருப்பத்துக்கு மாற்றிக்கொண்டே போவார்கள். பலருக்கும் இரண்டாவது, மூன்றாவதாகப் பிடித்த படத்துக்கு அது சாதகம். 13 பரிந்துரைகளோடு நிற்கும் 'ஓப்பன்ஹைமர்' அப்படிப்பட்ட படம், அதுவே வெல்லும், தகுதியும் உண்டு. என் சீட்டில் அது மூன்றாவது. முதலில் 'ஸோன்', அடுத்தது 'கில்லர்ஸ்'. நான்காவது 'அனாடமி', ஐந்தாவது 'பாஸ்ட் லைவ்ஸ்', பிறகு 'ஹோல்டோவர்ஸ்', 'புவர் திங்ஸ்', 'அமெரிக்கன் ஃபிக்ஷன்', 'பார்பி'. கடைசியில் 'மேஸ்ட்ரோ': ஒளிப்பதிவும் கேரி முல்லிகனும் அருமை, ஆனால் அதன் நாயகன் லெனார்ட் பெர்ன்ஸ்டைன் ஏன் இசையமைத்தார் என்று படம் முடிந்தும் எனக்குத் தெரியவில்லை.