யுனிவர்சல் ஆயில் கூலர் கிட்: சென்னை வெயிலுக்குத் தாங்குமா?

ஆயில் கூலர் என்பது இன்ஜின் அல்லது கியர் பாக்ஸ் ஆயிலைக் காற்றில் ஆற்றும் சின்ன ரேடியேட்டர். ஜி.பி. ரோடு உதிரிபாகக் கடைகளிலும் ஆன்லைனிலும் 'யுனிவர்சல்' என்று இன்ஜினுக்கு விற்கும் கிட்டில் பெரும்பாலும் இவை இருக்கும்: 13 அல்லது 19 வரிசை அலுமினிய கோர் (ஆயில் ஓடி ஆறும் பகுதி), இன்ஜினுக்கும் ஆயில் ஃபில்டருக்கும் நடுவே உட்காரும் சாண்ட்விச் பிளேட், ஏஎன்-10 என்ற அளவில் ஹோஸ் இரண்டு, ஃபிட்டிங்குகள், ஒரு ஜோடி பிராக்கெட். கியர் பாக்ஸுக்கான கிட் தனி. அதில் சின்ன கோர், 3/8 அங்குல ரப்பர் ஹோஸ், நாலு கிளாம்ப். இரண்டிலும் கோர் நன்றாகவே இருக்கிறது. சாண்ட்விச் பிளேட் சுமார். ஹோஸையும் கிளாம்பையும் மாட்டாமலே ஒதுக்கிவிடலாம்.

வாங்குவதற்கு முன்னால், உங்கள் வண்டிக்கு இது தேவையா என்று பாருங்கள். நம் ஊரில் ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸைச் சூடாக்குவது வெயில் மட்டுமில்லை, ஊர்ந்து போகிற போக்குவரத்தும்தான். கத்திப்பாராவிலோ ஓ.எம்.ஆர். சிக்னலிலோ முதல் கியருக்கும் இரண்டாவதுக்கும் நடுவே தவழும்போது, இன்ஜின் சுழற்சியை ஆயில் வழியாகக் கியர் பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வர்ட்டர் லாக் ஆவதே இல்லை. உள்ளே ஆயில் வழுக்கிக்கொண்டே இருக்கும், அந்த வழுக்கல் முழுவதும் வெப்பமாக மாறும். ரேடியேட்டர் தொட்டிக்குள் இருக்கும் கம்பெனி கூலரோ 90 டிகிரிக்குப் பக்கத்தில் சூடான கூலன்ட்டில் மூழ்கிக் கிடக்கிறது. அந்தக் கூலன்ட்டின் சூட்டுக்குக் கீழே ஏடிஎஃப்பை (ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ் ஆயிலை) அதனால் இறக்க முடியாது. 80 டிகிரியைத் தாண்டி ஒவ்வொரு 10 டிகிரி ஏறும்போதும் ஏடிஎஃப்பின் ஆயுள் பாதியாகும் என்பது கியர் பாக்ஸ் மெக்கானிக்குகள் கைக்கணக்காக வைத்திருக்கும் விதி. 120-ஐத் தாண்டினால் சீல்கள் இறுகத் தொடங்கும், கியர் மாற்ற ஆயிலைத் திருப்பிவிடும் வால்வ் பாடியில் பசை படியும்.

வண்டியின் கம்ப்யூட்டரோடு இணைக்கும் ஓபிடி ஸ்கேனரில் ஏடிஎஃப் வெப்பநிலையைப் படிக்க முடிகிற வண்டியென்றால், ஏசி ஓட, மாலை நெரிசலில் ஒரு முறை பார்த்துவிடுங்கள். 100-க்குள் நின்றால் காசு மிச்சம். 110-க்கு மேல் ஏறி இறங்காமல் நின்றால் கூலர் கட்டாயம். ஏஎம்டி வண்டிக்கும் (மேனுவல் கியர் பாக்ஸைத் தானாக மாற்றும் வகை), உலர் கிளட்ச் உள்ள ஏழு கியர் டிஎஸ்ஜி (இரட்டை கிளட்ச்) போன்றவற்றுக்கும் இந்த கிட்டால் ஒரு பயனும் இல்லை. அவற்றில் சூடாவது கிளட்ச் தட்டு, அதைத் தொட்டு ஓடும் ஆயில் கிடையாது. கூலன்ட் ஓடும் தட்டு வகை கூலர் கியர் பாக்ஸ் மேலேயே போல்ட் செய்த சிவிடியில் (படிப்படியான கியர் இல்லாத ஆட்டோமேட்டிக்கில்) வெட்டிச் சேர்க்க வெளிக் குழாயே இருக்காது. அதற்கென்று அடாப்டர் தேட வேண்டும்.

இன்ஜின் ஆயிலைப் பற்றி நேராகவே சொல்கிறேன்: ஆபீஸ் போய்வரும் சாதாரணக் காருக்கு கூலர் வேண்டாம். 100-110 டிகிரி இன்ஜின் ஆயிலுக்கு இயல்பான சூடு. அந்தச் சூடு இருந்தால்தான் உள்ளே சேரும் ஈரம் ஆவியாகி வெளியேறும். கூடுதல் பவருக்காக இன்ஜின் சாஃப்ட்வேரை மாற்றிய (ரீமேப்) டர்போ பெட்ரோல், ஆள் நிறைத்துக்கொண்டு ஏற்காடு ஏறும் வண்டி, இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் ஓடுவது, இவற்றில் ஆயில் 130-ஐத் தொடும். அவற்றுக்கு வாங்கலாம்.

கோர் வாங்கும்போது தட்டுகளை அடுக்கிச் செய்த வகையைக் கேளுங்கள். வளைத்த குழாயில் ஃபின் (மெல்லிய தகடு) கோத்த வகை மலிவு, ஆனால் அதே அளவில் குறைவாகத்தான் குளிர்விக்கும். அடுத்தது மரை. இங்கேதான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். செட்ராப் கம்பெனி பாணி கோரின் வாய் எம்22 (22 மி.மீ.), மரை இடைவெளி 1.5 மி.மீ. ஏஎன்-10 மரை 7/8 அங்குலம், அதாவது 22.2 மி.மீ., இடைவெளி 1.81. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். மாற்றிப் போட்டால் முதல் இரண்டு சுற்று கையிலேயே ஏறும், மூன்றாவதில் இறுகும். 'டைட்டாதானே இருக்கு' என்று ஸ்பானர் போட்டால் அலுமினிய மரை சுருண்டு வந்துவிடும், கோர் குப்பைக்குத்தான். மரை இடைவெளியை அளக்கும் பிட்ச் கேஜ் வைத்துப் பார்க்காமல் முறுக்கவே கூடாது. முறுக்கும்போது கோரின் வாயை இன்னொரு ஸ்பானரால் பிடித்துக்கொள்ளுங்கள்.

கியர் பாக்ஸ் கிட்டோடு வரும் ஹோஸ் பல நேரம் சாதாரண ஃப்யூயல் ஹோஸ். சூடான ஏடிஎஃப்பில் அது ஊறி, பிறகு விறைத்து, கிளாம்ப் ஓரத்தில் வெடிக்கும். மேலே எஸ்ஏஇ ஜே1532 (கியர் பாக்ஸ் ஆயில் ஹோஸுக்கான தரம்) என்று அச்சிட்ட ஹோஸைத் தனியாக வாங்குங்கள். திருகுப் பட்டை கிளாம்ப் ரப்பரை வெட்டும். முழு வட்டமாக இறுக்கும் இன்ஜெக்‌ஷன் வகை கிளாம்பே சரி. கூலரைச் சேர்க்க வெட்டிய கம்பெனி இரும்புக் குழாயின் நுனியில் விளிம்பு எழுப்பாமல் ஹோஸைச் செருகினால் சூட்டில் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். நடுரோட்டில் ஆயில் முழுக்கக் கொட்டினால் கியர் பாக்ஸ் மிஞ்சாது. கோர் நடுவே குத்தி மாட்டச் சொல்லும் பிளாஸ்டிக் கம்பிகளும் வேண்டாம். அதிர்வில் அவை ஃபின்னைத் தின்று குழாயை ஓட்டையாக்கும்.

இணைக்கும் வரிசை: கியர் பாக்ஸிலிருந்து ரேடியேட்டர் தொட்டி, அங்கிருந்து புதுக் கூலர், பிறகு கியர் பாக்ஸ். கோரின் வாய்கள் மேலே பார்க்கட்டும். கீழே பார்த்தால் உள்ளே காற்று தங்கும். இடம், ஏசி கண்டென்சருக்கு முன்னால், ஃபேன் இழுக்கும் பரப்புக்குள். சிக்னலில் நிற்கும்போது ஏசிக்காகச் சுழலும் ஃபேன்தான் கூலருக்கும் காற்று தரும். ஆனால் கண்டென்சரை முழுக்க மறைக்கும் பெரிய கோர் போட்டால் கத்திரி வெயிலில் ஏசி தொய்ந்துபோகும். அதனால் நம் ஊருக்குச் சின்ன கோரே நல்லது. பம்பர் ஓரத்தில்தான் இடம் என்றால் தனி ஃபேன், ரிலே, 80-85 டிகிரியில் அந்த ஃபேனைப் போடும் சுவிட்ச் மூன்றும் வேண்டும். இல்லாவிட்டால் நெரிசலில் அந்தக் கூலர் வெறும் அலங்காரம்.

புதுக் கூலரும் ஹோஸும் சேர்ந்து அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை ஏடிஎஃப் கூடுதலாகக் கொள்ளும். அளவு பார்ப்பதில் சென்னைக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. டிப்ஸ்டிக் இல்லாத பல கியர் பாக்ஸ்களில், இன்ஜின் ஓட, ஆயில் 40 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கும்போது வழிவு பிளக்கைத் திறந்து அளவு பார்க்க வேண்டும். மே மாத மதியத்தில் நிழலிலேயே 40 இருக்கும். 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 பதிவானது. ஷெட்டுக்கு ஓட்டிவந்த வண்டியில் ஆயில் அதற்குள் 60-70-க்குப் போயிருக்கும். சூட்டில் விரிந்த ஆயில் தேவைக்கு மேல் வழிந்துவிடும், ஆறியதும் அளவு குறைவாக நிற்கும், கியர் நழுவும். வண்டியை முந்தைய இரவே விட்டுவிட்டு, விடியற்காலையில் அளவு பார்க்கச் சொல்லுங்கள். முடியாது என்கிற மெக்கானிக்கிடம் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

இன்ஜின் கிட் மாட்டுவதானால், சாண்ட்விச் பிளேட்டில் 80 டிகிரியில் திறக்கும் தெர்மோஸ்டாட் இருப்பதையே வாங்குங்கள். அது இல்லாவிட்டால் மார்கழிக் காலையில் ஆயில் சூடேறவே நேரமாகும். டொயோட்டாவில் பெரும்பாலும் 3/4-16, ஹோண்டாவில் எம்20x1.5 ஃபில்டர் மரை. ஓ-ரிங்கில் ஆயில் தடவி மாட்டுங்கள். 14 மி.மீ. உள்விட்ட ஹோஸ் மீட்டருக்கு 150 மி.லி. ஆயில் பிடிக்கும். ஸ்டார்ட் செய்ததும் பிரஷர் விளக்கு சில நொடிகளில் அணைய வேண்டும், இல்லையென்றால் உடனே ஆஃப் செய்யுங்கள். இரண்டு நிமிடம் ஓட்டி நிறுத்தி, டிப்ஸ்டிக் பார்த்துக் குறைந்ததை ஊற்றுங்கள்.

புதுப்பேட்டையில் பழைய கூலர் மலிவாகக் கிடைக்கிறதே என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம். செத்த கியர் பாக்ஸின் உலோகத் துகள் தட்டுகளுக்கு நடுவே ஒளிந்திருக்கும், எத்தனை முறை கழுவினாலும் முழுக்க வராது. வாரண்டி உள்ள புது வண்டியில் குழாயை வெட்டுவதற்கு முன் சர்வீஸ் சென்டரில் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஈ.சி.ஆர். பக்கம் ஓடும் வண்டிக்கு உப்புக் காற்றில் ஃபின் வெள்ளை பூத்து உதிரும். கறுப்புப் பூச்சுள்ள கோர் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். மழைக்காலம் முடிந்ததும் இன்ஜின் பக்கத்திலிருந்து முன்நோக்கி, தோட்டக் குழாயின் சாதாரண வேகத்தில் தண்ணீர் விட்டுச் சேற்றைக் கழுவுங்கள். வாட்டர் வாஷ் கடையின் பிரஷர் துப்பாக்கி பட்டால் ஃபின் எல்லாம் மடங்கிக் காற்று வழி அடைத்துவிடும்.