பிள்ளைகளைப் பார்க்க ஒரு மோட்டார் ஹோம்: 2019 முதல் எங்கள் அனுபவம்

உள்ளேயே படுக்கையும் சமையலறையும் கொண்ட மோட்டார் ஹோம் வண்டியை வாங்கலாமா என்று கேட்கிற ஓய்வுபெற்ற நண்பர்களிடம் நான் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி, பிள்ளைகள் எந்தெந்த ஊரில் இருக்கிறார்கள் என்பதுதான். ஊர் சுற்றிப் பார்ப்பதற்கென்றே வாங்கியவர்களில் சிலர் இரண்டு கோடை கழிந்ததும் விற்றுவிட்டதைப் பார்த்திருக்கிறேன். நாங்கள் 2019-இல் வாங்கியதை இன்னும் வைத்திருக்கிறோம். எங்கள் வீடு அமெரிக்காவில், டெக்ஸஸின் ஹூஸ்டனில். மகள் ஒஹையோவில், மகன் மேரிலாந்தில், என் தம்பி நியூ ஜெர்சியில்.

எங்களுடையது கிளாஸ் சி வகை. முன்பக்கம் வேன் போலவும், ஓட்டுநரின் தலைக்கு மேல் ஒரு படுக்கையுமாக இருக்கும். ஃபோர்டு இ-450 அடிச்சட்டம், 6.8 லிட்டர் வி-10 எஞ்சின், 55 காலன் பெட்ரோல் டேங்க். காலனுக்கு எட்டு, ஒன்பது மைல்தான் கிடைக்கிறது. ஹூஸ்டனிலிருந்து மகள் பக்கமான கொலம்பஸ் சுமார் 1,200 மைல் என்பதால், ஒரு வழிக்கே 130 முதல் 150 காலன் பெட்ரோல் போய்விடும். இரண்டு விமான டிக்கெட்டுகள் இதைவிட மலிவு. பணம் மிச்சமாகும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வாங்கிய முதல் வருடமே விலை கணிசமாக இறங்கிவிடும். அதோடு காப்பீடு, டயர், மேற்கூரைப் பூச்சு என்று செலவு வந்துகொண்டே இருக்கும்.

பிறகு எதற்கு இது? நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் செவிலியராக வேலை பார்த்தவள். இரவுப் பணிக்குப் பழகிய உடம்பு விடியற்காலை நான்கரைக்கு எழுந்துவிடும். என் கணவரும் அப்படித்தான். எழுந்ததும் ஒரு கீர்த்தனை பாடி, வேதாகமத்தில் ஒரு அதிகாரம் வாசித்து, பிள்ளைகள் ஒவ்வொருவரின் பெயரையும் சொல்லி ஜெபிப்பது பாளையங்கோட்டையில் எங்கள் பெற்றோர் வீடுகளில் இருந்த வழக்கம். மகள் வீட்டு விருந்தினர் அறையில் அதைக் கிசுகிசுப்பாகத்தான் செய்ய முடியும். பக்கத்து அறையில் குழந்தை தூங்கும். மருமகன் நள்ளிரவு வரை வேலை பார்த்துவிட்டுப் படுத்திருப்பார். மாடிப்படி ஏறுவதும் என் முழங்காலுக்கு ஆகாது. மோட்டார் ஹோமில் நாங்கள் வாய்விட்டுப் பாடுகிறோம், எங்கள் நேரத்துக்குக் காபி போட்டுக்கொள்கிறோம். அவர்கள் எழுந்து கதவைத் திறக்கும் நேரத்தில் நாங்கள் குளித்து முடித்து, அன்றைய நாளுக்குத் தயாராக இருப்போம். பெற்றவர்கள் வந்து தங்குவது பிள்ளைகளுக்குப் பாரமாகிவிடக் கூடாது என்ற கவலை எனக்கு நெடுநாளாக உண்டு. அது பெரிதும் தீர்ந்தது இந்த வண்டியால்தான்.

வீட்டு வாசலிலேயே நிறுத்திக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். பல குடியிருப்புச் சங்கங்கள் ஓரிரு நாளுக்கு மேல் விடுவதில்லை. அது எங்களுக்கு நன்மையாகவே முடிந்தது. கொலம்பஸுக்கு வடக்கே ஆலம் கிரீக் மாநிலப் பூங்காவில் ஏரியை ஒட்டி, இப்படிப்பட்ட வண்டிகளை நிறுத்தித் தங்கும் கேம்ப் கிரவுண்ட் இருக்கிறது. அங்கே போட்டுவிட்டால் பேரப்பிள்ளைகள் வெள்ளிக்கிழமை மாலையே பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். இறங்கியதும் "ஆச்சி, இன்றைக்கு மேல் படுக்கை யாருக்கு?" என்பதுதான் முதல் பேச்சு. மகள் வீட்டில் நாங்கள் விருந்தாளிகள். இங்கே விருந்து கொடுப்பவர்கள் நாங்கள். ஓய்வுக்குப் பிறகு இந்த இடமாற்றம் எவ்வளவு பெரிய சந்தோஷம் என்பது அனுபவித்தால்தான் தெரியும். ஏரிக்கரையில் சுட்ட மீனும் சோறும் சாப்பிட்டு முடித்து, சக்கரங்கள் மேல் நிற்கும் அந்தக் கூடத்தில் நெருங்கி உட்கார்ந்து ஜெபிக்கும்போது, ஆறு வயதுப் பேரன் தாத்தாவின் தமிழ் வேதாகமத்தில் எழுத்துக் கூட்டி வாசிக்கிறான். அவன் வீட்டில் இருக்கும் திரைகளுக்கு முன்னால் இது நடந்திருக்காது.

சமையலைப் பற்றி நம் வீட்டுப் பெண்கள் கேட்பது அதிகம் என்பதால் விவரமாகச் சொல்கிறேன். எங்கள் வண்டிக்கு 30 ஆம்ப் இணைப்பு. 120 வோல்ட்டில் அது 3,600 வாட். ஏ.சி., இண்டக்ஷன் அடுப்பு, தண்ணீர் சூடாக்கி மூன்றையும் ஒன்றாகப் போட்டால் பிரேக்கர் விழும். அதனால் சூடாக்கியை ப்ரொப்பேன் எரிவாயுவுக்கு மாற்றிவிட்டுத்தான் சமைப்பேன். தாளிக்கும்போது கூரை விசிறியை ஓடவிட்டு, எதிர் ஜன்னலைத் திறந்துவைக்க வேண்டும். இல்லையென்றால் புகை எச்சரிக்கை மணி அலறும். இட்லி மாவைப் பாத்திரத்தில் பாதிக்கு மேல் ஊற்றக் கூடாது. டெக்ஸஸ் வெயிலில் மேல் படுக்கையில் வைத்தால் ஐந்து மணி நேரத்தில் பொங்கிவிடும். யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவின் ஏரிப் பக்கம் ஏறத்தாழ 7,700 அடி உயரம். இரவில் ஜூலையிலும் குளிர். அங்கே மாவை ஓவனுக்குள் வைத்து, பைலட் சுடரின் வெப்பத்தில் புளிக்கவைத்தேன். அந்த உயரத்தில் தண்ணீர் 92 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் குக்கர் இல்லாமல் பருப்பு வேகாது.

கழிவுத் தொட்டி விஷயத்துக்குத் தயங்கியே பல பெண்கள் இந்த வண்டியை மறுத்துவிடுகிறார்கள். என் கணவரிடமிருந்து நானும் கற்றுக்கொண்டேன். கையுறை மாட்டி, குழாயை வண்டியின் அடியில் திருகிப் பூட்டி, மறுமுனையைத் தரைத் துளையில் பொருத்தி, அதன் மேல் ஒரு கல் வைக்க வேண்டும். முதலில் கழிவறையின் பிளாக் டேங்க் வால்வைத் திறக்க வேண்டும். அது வடிந்த பிறகு குளியல், பாத்திரத் தண்ணீர் நிற்கும் கிரே டேங்க். அந்தச் சோப்புத் தண்ணீர் குழாயைக் கழுவிக்கொண்டு போகும். குழாயின் முழங்கையில் ஒரு கண்ணாடித் துண்டு இருக்கிறது. அதில் தெளிந்த நீர் ஓடுவது தெரிந்தால் மூடலாம். இணைப்பு இருக்கிறதே என்று பிளாக் டேங்க் வால்வைத் திறந்தே வைத்தால் தண்ணீர் மட்டும் போய்விட, திடப்பொருள் அடியில் இறுகிவிடும். மொத்தமும் பத்து நிமிட வேலை. மருத்துவமனையில் வேலை பார்த்தவர்களுக்கு இது ஒன்றுமேயில்லை.

குறைகளும் உண்டு. பக்கவாட்டில் வெளியே நீளும் அறைப் பகுதியான ஸ்லைடின் ரப்பர் ஓரம் இரண்டாவது வருடமே கசிந்தது. உத்தரவாதக் காலத்தில் விற்பனை நிலையத்தில் விட்டோம். மாதக்கணக்கில் வெயிலில் நின்றதே தவிர யாரும் தொடவில்லை. பேத்தியின் திருமுழுக்குக்கு விமானத்தில்தான் போக நேர்ந்தது. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது. இப்போது சிறு பழுதுகளுக்கு இருக்கும் இடத்துக்கே வருகிற தொழில்நுட்பர்களைத்தான் அழைக்கிறோம். டயரைப் பொறுத்தவரை பட்டை தேயவில்லை என்று ஏமாறக் கூடாது. ஆறேழு வருடத்தில் மாற்றிவிட வேண்டும். பக்கச் சுவரில் உள்ள கடைசி நான்கு எண்கள் பிறந்த தேதி: 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரம்.

மகன் வீட்டிலிருந்து தம்பி வீட்டுக்குப் போகும் வழியைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பால்டிமோர் துறைமுகத்தின் அடியில் போகும் இரண்டு சுரங்கப்பாதைகளிலும் ப்ரொப்பேன் சிலிண்டர் கொண்ட மோட்டார் ஹோம்களுக்கு அனுமதி இல்லை. முன்பு ஃபிரான்சிஸ் ஸ்காட் கீ பாலம் வழியாகப் போவோம். 2024 மார்ச் 26 அன்று சரக்குக் கப்பல் மோதி அது இடிந்தது. பாலத்தில் வேலை செய்துகொண்டிருந்த ஆறு தொழிலாளர்கள் இறந்தார்கள். இப்போது 695 வட்டச் சாலையில் மேற்குப் பக்கமாகச் சுற்றித்தான் போகிறோம். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அந்த ஆறு குடும்பங்களுக்காக ஜெபிக்கிறோம். நியூயார்க் பக்கத்துப் பார்க்வே சாலைகளில் பாலங்கள் தாழ்வு. எங்கள் வண்டி பதினொரு அடிக்கு மேல். உயரத்தை எழுதி ஸ்டியரிங் பக்கத்தில் ஒட்டியிருக்கிறோம்.

ஞாயிற்றுக்கிழமை என்ன செய்வீர்கள் என்று சபையில் கேட்பார்கள். பெரிய நகரங்களில் தமிழ் ஆராதனை பெரும்பாலும் அமெரிக்கச் சபை ஒன்றின் கட்டடத்தில், அவர்கள் ஆராதனை முடிந்த பிறகு நடக்கும். முன்கூட்டியே சபைப் போதகரான ஐயரைத் தொலைபேசியில் அழைத்து, வண்டியை நிறுத்த இடம் கேட்டுவிடுவோம். இதுவரை யாரும் மறுத்ததில்லை. பல இடங்களில் சாப்பிடாமல் விட்டதும் இல்லை. தேசியப் பூங்காக்களில் வேறு மாதிரி. கோடையில் அங்கே விடுதிகளிலும் கடைகளிலும் வேலை பார்க்கும் கல்லூரிப் பிள்ளைகள் ஞாயிறு ஆராதனை நடத்துகிறார்கள். 1950-களின் தொடக்கத்தில் யெல்லோஸ்டோனில் ஆரம்பித்த ஊழியம் இது. மரப்பலகை இருக்கைகளில் பத்துப் பதினைந்து பேர், ஒரு கிட்டார், பிரசங்கம் செய்யும் பெண்ணுக்கு இருபது வயது இருக்கலாம். வாரம் முழுக்கத் தட்டு கழுவிய கைகளால் அவள் வேதாகமத்தைத் திறந்ததைப் பார்த்து அவர் கண் கலங்கிவிட்டார்.

அங்கிருந்து தெற்கே கிராண்ட் டீட்டன் தேசியப் பூங்காவில், மூஸ் என்ற இடத்தில், 1925-இல் மரக்கட்டைகளால் கட்டிய சிற்றாலயம் இருக்கிறது. பலிபீடத்துக்குப் பின்னால் ஓவியக் கண்ணாடி கிடையாது, வெறும் ஜன்னல். அதன் சட்டத்துக்குள் டீட்டன் சிகரங்கள் பனியோடு நிற்கின்றன, நடுவில் ஒரு சிலுவை. பர்வதங்களுக்கு நேராகக் கண்களை ஏறெடுக்கும் சங்கீதத்தைச் சிறு வயதிலிருந்து மனப்பாடமாகச் சொல்லி வந்திருக்கிறேன். அன்று அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து அதைச் சொன்னபோது என்னால் முடிவுவரை சொல்ல முடியவில்லை.

மெதடிஸ்ட் சபையினரின் நோமாட்ஸ் என்ற தன்னார்வக் குழுவையும் ஓய்வுபெற்றவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். மோட்டார் ஹோம் வைத்திருப்பவர்கள் சில வாரங்கள் ஒரு சிறுவர் இல்லத்திலோ சபை முகாமிலோ தங்கி, வண்ணம் பூசுவது, தையல், தச்சு என்று தங்களால் முடிந்த வேலையைச் செய்து கொடுக்கிறார்கள். நாங்களும் போயிருக்கிறோம். மாலையில் ஆளுக்கொரு பாத்திரத்தோடு கூடிச் சாப்பிடுவது எங்கள் ஊர் அசனப் பண்டிகை போலவே இருந்தது.

வண்டி வாசலில் நின்றபோதும் பயன்பட்டது. 2021 பிப்ரவரி உறைபனியில் ஹூஸ்டனில் மின்சாரம் போனபோது, ப்ரொப்பேன் ஹீட்டரும் ஜெனரேட்டரும் எங்களைக் காப்பாற்றின. பக்கத்து வீட்டு முதியவர்கள் இருவரையும் உள்ளே அழைத்துக்கொண்டோம். ஜெனரேட்டர் ஓடும் வண்டியைத் திறந்தவெளியில்தான் நிறுத்த வேண்டும். அந்த வாரத்தில் கார்பன் மோனாக்சைடால் இந்த ஊரில் உயிர்கள் போயின.

காகித வேலைகளில் இரண்டு முக்கியம். 62 வயது நிறைந்த குடிமக்களுக்கும் கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கும் தேசியப் பூங்காக்களின் சீனியர் பாஸ் வாழ்நாளுக்கு 80 டாலர், ஓராண்டுக்கு 20 டாலர். ராணுவப் பொறியாளர் படை நடத்தும் ஏரிக்கரை கேம்ப் கிரவுண்டுகளில் அதைக் காட்டினால் வாடகை பாதி. அடுத்தது மருத்துவக் காப்பீடு. அரசின் அசல் மெடிகேர், அதை ஏற்கும் எந்த மாநில மருத்துவரிடமும் செல்லும். தனியார் நிறுவனங்கள் நடத்தும் மெடிகேர் அட்வான்டேஜ் திட்டங்கள் பலவற்றில் அவசரம் அல்லாத சிகிச்சைக்கு உள்ளூர் மருத்துவர்கள் மட்டும்தான். மாதக்கணக்கில் பயணம் போகிறவர்கள் பதியும் முன்பே இதைப் பார்க்க வேண்டும்.

வாங்கும் எண்ணம் இருந்தால் முதலில் பிள்ளைகள் இருக்கும் ஊரிலேயே ஒரு வாரம் வாடகைக்கு எடுங்கள். பேரப்பிள்ளைகளை இரண்டு இரவு கூட வைத்துக்கொள்ளுங்கள். இருவரும் ஓட்டிப் பாருங்கள். ஒருவர் மட்டும் ஓட்டுகிற வீட்டில் இந்த வண்டி வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அவருக்குக் கண்புரை அறுவை நடந்தபோது மேரிலாந்திலிருந்து வீடுவரை நான்தான் ஓட்டி வந்தேன். ஜூலை 4 வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள். கூட்டரசின் கேம்ப் கிரவுண்டுகளில் பலவற்றுக்கு ஆறு மாதம் முன்பே பதிவு திறந்து, நல்ல இடங்கள் அன்றே தீர்ந்துவிடும்.