பழைய வி-கிராஸுக்கு ஒன்றரை அங்குல உயரம்: டெல்டா மண்ணில் ஒரு சஸ்பென்ஷன் கிட்

2017ஆம் ஆண்டு வாங்கிய இசுஸு டி-மேக்ஸ் வி-கிராஸ் பிக்கப்பில், வண்டியை 40 மில்லிமீட்டர் உயர்த்தும் ஆஸ்திரேலியத் தயாரிப்பு சஸ்பென்ஷன் கிட் ஒன்றைப் பொருத்தி, சம்பா நடவிலிருந்து அறுவடை வரை மன்னார்குடிக்கும் முத்துப்பேட்டைக்கும் இடைப்பட்ட வயல் சாலைகளிலும் வாய்க்கால் கரைகளிலும் ஓட்டிப் பார்த்தபின் இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். கிட் நல்லது. அதைப் பொருத்திக் கொடுத்த திருச்சிப் பட்டறையின் வேலை அதைவிட நல்லது. ஆனால், சேற்றில் சிக்காமல் போவதற்காக மட்டுமே வண்டியை உயர்த்த நினைப்பவர்கள் இந்தப் பணத்தைச் செலவிடும் முன் கீழே நான் சொல்வதைப் படித்துவிட வேண்டும் என்று விரும்புகிறேன்.

வி-கிராஸ் 2016இல் இந்தியச் சந்தைக்கு வந்தது. முன்பக்கம், மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரு கைகள் சக்கரத்தைத் தாங்கும் இரட்டை விஷ்போன் அமைப்பில் காயில் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாகச் சேர்ந்த ஸ்ட்ரட். பின்பக்கம் ஒரே அச்சில் பட்டை ஸ்பிரிங். எட்டு ஆண்டு விதை மூட்டை, யூரியா, டீசல் கேன், பம்புசெட் மோட்டார் என்று சுமந்ததில் பின்பட்டைகளின் வளைவு ஏறக்குறைய முழுவதும் போய்விட்டிருந்தது. காலியாக நிற்கும்போதே பின்பக்கம் தாழ்ந்து, ஐந்தாறு மூட்டை ஏற்றியதும் ரப்பர் தடுப்பில் பட்டை அடிக்கும் சத்தம் ஒவ்வொரு மதகிலும் கேட்டது. ஆகவே ஸ்பிரிங்கை மாற்றுவது எப்படியும் தவிர்க்க முடியாததாக இருந்தது. மாற்றும்போது எவ்வளவு உயரத்துக்கு, எந்த எடைக்கு மாற்றுவது என்பதே தீர்மானிக்க வேண்டியதாக இருந்தது.

உயரத்தைப் பற்றி முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ஸ்பிரிங்கை மாற்றினால் உயர்வது சேஸிஸும் பாடியும் மட்டுமே. பின் அச்சின் நடுவில் தொங்கும், இரு சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியலின் கூடு சக்கரத்தோடு சேர்ந்த உறுப்பு. டயரின் விட்டம் கூடினால் ஒழிய அது தரையிலிருந்து ஒரு நூல்கூட மேலே போகாது. டயரின் விட்டத்தை 25 மி.மீ. கூட்டினால் கூடு அதில் பாதி அளவே உயரும். கேஜ் வீல் என்னும் இரும்புச் சக்கரம் போட்ட டிராக்டரும் பெல்ட் அறுவடை இயந்திரமும் போய்வந்த களிமண் பாதையில் இரு பக்கமும் ஆழமான தடம் விழுந்து நடுவில் மண் மேடாக நிற்கும். அந்த மேட்டில் உட்கார்ந்துகொள்வது பெரும்பாலும் இந்தக் கூடுதான். ஐப்பசி, கார்த்திகை மழையில் நம் பகுதியில் பிக்கப் சிக்கும் இடங்களைக் கவனித்தால் இது விளங்கும். அங்கே உதவுவது நல்ல மண்பிடிப்புள்ள டயரும், அளவறிந்து காற்றைக் குறைப்பதும், ஃபோர் வீல் டிரைவும்தான். லிஃப்ட் கிட் அல்ல. கிட் உதவும் இடங்கள் வேறு: கரையிலிருந்து வயலுக்குள் இறங்கும் சரிவில் முன்பம்பர் மண்ணைக் குத்தாமல் இருப்பது, மதகின் கூனில் வண்டியின் அடிவயிறு உரசாமல் இருப்பது, சுமையோடு போகும்போது பின்பக்கம் தாழாமல் இருப்பது.

வண்டியை உயர்த்துவதற்குச் சந்தையில் பல வழிகள் உண்டு. அவற்றில் பெரும்பாலானவை மலிவானவை. ஸ்ட்ரட்டின் தலையில் ஓர் உலோக வளையத்தை வைத்து முன்பக்கத்தை உயர்த்துவது எல்லாவற்றிலும் மலிவு. ஸ்ட்ரட்டின் அடிமுனை கீழ்க்கையின் நடுப்பகுதியில் அமர்ந்திருப்பதால், தலையில் வைக்கும் 20 மி.மீ. வளையம் சக்கரத்தில் ஏறக்குறைய இரு மடங்கு உயரமாக வெளிப்படும். இது ஆதாயமாகத் தோன்றினாலும், சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது வழக்கத்தைவிடக் கீழே இறங்கிவிடுவதால் கைகளையும் சக்கரத்தையும் இணைக்கும் பால் ஜாயிண்டும், முன்சக்கரத்துக்குச் சுழற்சியைக் கடத்தும் அச்சின் சி.வி. ஜாயிண்டும் அவற்றின் கோண எல்லைக்குத் தள்ளப்படுகின்றன. மேல்க்கை காயிலில் இடிக்கவும் வாய்ப்பு உண்டு. தளர்ந்துபோன ஸ்பிரிங்கும் ஷாக்கும் தளர்ந்தபடியே இருக்கும் என்பது இன்னொரு குறை. பின்பக்கத்தில் பட்டைக்கும் அச்சுக்கும் இடையில் இரும்புக் கட்டை வைப்பதும், பட்டையின் முனையைச் சேஸிஸோடு இணைக்கும் ஷேக்கிளை நீளமாகப் போடுவதும் இதே வகையைச் சேர்ந்தவை. கட்டை வைத்தால், வண்டி இழுக்கும்போது அச்சு முறுக்கிக்கொள்ள நெம்புகோல் நீளம் கூடுகிறது. ஷேக்கிளை நீட்டினால், நீட்டியதில் பாதிதான் உயரமாகக் கிடைக்கிறது; கூடவே பின் அச்சின் மூக்கு திரும்பி, பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரப்பெல்லர் ஷாஃப்டின் ஜாயிண்ட் கோணம் மாறுகிறது. உள்ளூர்ப் பட்டறைகளில் பழைய பட்டைகளைக் காய்ச்சி அடித்து வளைவு ஏற்றித் தருவதும் உண்டு. அவசரத்துக்கு அது உதவும். ஆனால் முறையாகப் பதமேற்றாமல் வெறுமனே காய்ச்சி அடித்த பட்டை, அடுத்த சாகுபடிக்குள் மறுபடியும் படுத்துவிடுவதையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன். இவற்றையெல்லாம் ஒதுக்கிவிட்டு, முன்காயில், நான்கு ஷாக், முழுப் பின்பட்டைத் தொகுதி, ரப்பர் புஷ், ஷேக்கிள், பட்டையை அச்சோடு பிடித்துக் கட்டும் யூ போல்ட் அனைத்தும் ஒன்றுக்கொன்று பொருந்தும்படி தயாரிக்கப்பட்ட முழுக் கிட்டைத் தேர்ந்தெடுத்தேன்.

முழுக் கிட்டிலும் ஒரே பெயரில் பல தரங்கள் உள்ளன என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பின்பட்டை காலி வண்டிக்கு ஒன்று, நிரந்தரமாக நடுத்தரச் சுமை உள்ள வண்டிக்கு ஒன்று, எப்போதும் கனமாக ஏற்றும் வண்டிக்கு ஒன்று என்று வரும்; முன்காயிலும் கனமான இரும்பு பம்பர், வின்ச் உள்ள வண்டிக்குத் தனியாகவும் இல்லாத வண்டிக்குத் தனியாகவும் வரும். கிட்டின் பெட்டியில் 40 மி.மீ. என்று போட்டிருந்தாலும், அந்த உயரம் குறிப்பிட்ட எடைக்கு மட்டுமே உண்மை. கனமான தரத்தைக் காலி வண்டியில் போட்டால் உயரம் 60 மி.மீ. வரை போய், வண்டி மரக்கட்டை போலத் துள்ளும். லேசான தரத்தில் சுமை ஏற்றினால் பழைய நிலைக்கே இறங்கிவிடும். எனவே கிட்டைக் கேட்பதற்கு முன் அரிசி ஆலையின் எடைமேடையில் வண்டியைக் காலியாக ஒரு முறையும், வழக்கமான சுமையோடு ஒரு முறையும் நிறுத்தி, முன் அச்சு, பின் அச்சு எடைகளைத் தனித்தனியே குறித்துக்கொண்டேன். மேடையில் முன்சக்கரங்களை மட்டும் ஏற்றினால் முன் அச்சின் எடையும், முழு வண்டியையும் ஏற்றிக் கழித்தால் பின் அச்சின் எடையும் கிடைக்கும். யூரியா மூட்டை 45 கிலோ, கொள்முதல் நிலையத்துக்குப் போகும் நெல் மூட்டை 40 கிலோ என்பதால் சுமையைக் கணக்கிடுவது நமக்கு எளிது. என் வண்டியில் பெட்டிக்குள் எப்போதும் கருவிகளும் கேன்களும் இருக்கும். அதற்கு மேல் ஐந்தாறு மூட்டை அடிக்கடி ஏறும். இதைச் சொன்னதும் பட்டறைக்காரர் நடுத்தரத் தரத்தையே பரிந்துரைத்தார். விலை அதிகமான கனத் தரத்தை விற்றுவிட அவர் முயலவில்லை என்பதை நான் நன்றியோடு குறிப்பிட விரும்புகிறேன்.

ஒன்றரை அங்குலத்தோடு நிறுத்தியதற்கும் காரணம் உண்டு. முன்பக்கத்தை உயர்த்தும்போது சக்கரத்தின் சாய்வைக் குறிக்கும் கேம்பர், காஸ்டர் கோணங்கள் மாறுகின்றன. காஸ்டர் குறைந்தால் திருப்பிய ஸ்டியரிங் தானாக நேருக்குத் திரும்பும் இயல்பு தளர்ந்துவிடும். ஒன்றரை அங்குலம் வரை வண்டியோடு வந்த சரிப்படுத்தும் வசதிக்குள்ளேயே இவற்றை மீட்டுவிட முடிகிறது. இரண்டு அங்குலத்தைத் தாண்டினால் வேறு வடிவ மேல்க்கைகளும், முன் டிஃபரன்ஷியலை இறக்கும் தகடுகளும் தேவைப்படத் தொடங்குகின்றன. சி.வி. ஜாயிண்ட் செங்குத்தான கோணத்தில் ஓயாமல் சுழன்றால் அதன் ரப்பர் உறை மடிப்பில் கிழிந்து, உள்ளே சேறு புகுந்துவிடும். சேறும் உப்பும் உள்ள கடைமடைப் பகுதியில் கிழிந்த உறையோடு ஓடும் ஜாயிண்ட் நெடுநாள் தாங்காது.

பொருத்திய விதத்துக்கு நான் முழு மதிப்பெண் தருவேன். பட்டறையில் முதலில் நான்கு சக்கரங்களிலும் அச்சு மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளந்து எழுதிக்கொண்டார்கள். காயிலைச் சுருக்கிக் கழற்றும் வேலை ஆபத்தானது. இரண்டு திருகுகள் கொண்ட கையடக்கச் சுருக்கியில் அதைச் செய்யாமல், சுவரில் பதித்த ஹைட்ராலிக் கருவியில் செய்தார்கள். பழைய யூ போல்ட்டுகளை மறுபடி பயன்படுத்தவில்லை. ஒரு முறை இறுகி நீண்டுவிட்ட யூ போல்ட் அதே பிடியை மீண்டும் தராது. எல்லாவற்றிலும் முக்கியமாக, பட்டைக் கண்களின் ரப்பர் புஷ் போல்ட்டுகளையும் முன்கைகளின் போல்ட்டுகளையும் ஜாக்கியில் தொங்கும்போது இறுக்காமல், வண்டியைத் தரையில் இறக்கி, அதன் முழு எடையும் சக்கரங்களில் அமர்ந்தபின், குறித்த அளவுக்கு இறுக்க உதவும் டார்க் ரெஞ்சால் இறுக்கினார்கள். தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே பிடித்துக்கொண்டு சில மாதங்களில் கிழிந்துவிடும்; கிட்டைக் குறைசொல்லிக்கொண்டு வருகிற வண்டிகளில் பலவற்றுக்கு உண்மையான காரணம் இதுதான் என்று மூத்த மெக்கானிக் விளக்கினார். சக்கரம் முழுதும் தொங்கும் நிலையில் பிரேக் ஹோஸும் ஏ.பி.எஸ். வயரும் இழுபடுகின்றனவா என்று பார்த்தார்கள். பழைய பிக்கப்புகள் பலவற்றில் பின் அச்சோடு ஒரு கம்பியால் இணைக்கப்பட்டு, சுமைக்கேற்பப் பின்பிரேக்கின் அழுத்தத்தைக் கூட்டிக்குறைக்கும் வால்வு ஒன்று இருக்கும். அத்தகைய வண்டி வைத்திருப்பவர்கள் அதன் கம்பியையும் உயரத்துக்கேற்பச் சரிசெய்யச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் சுமை ஏற்றிய வண்டியை அந்த வால்வு காலி வண்டி என்றே எடுத்துக்கொண்டு, பின்பிரேக்கைக் குறைத்துவிடும். இறுதியாக வீல் அலைன்மென்ட்டும், எதிரே வருபவர் கண்ணைக் கூசாதபடி முகப்பு விளக்கை இறக்கும் வேலையும் நடந்தன.

முதல் வாரத்தில் ஒரு குறை தெரிந்தது. நின்ற நிலையிலிருந்து கிளம்பும்போது, குறிப்பாகக் கரையேற்றத்தில், இருக்கைக்குக் கீழே ஓர் அதிர்வு வந்தது. வி-கிராஸின் புரப்பெல்லர் ஷாஃப்ட் இரு துண்டுகளாக, நடுவில் ஒரு பேரிங்கில் தாங்கப்பட்டிருக்கிறது. பின்பக்கம் உயர்ந்ததும் அந்த இடத்தில் கோணம் கூடிவிடுவதால் இப்படி நேர்வது இவ்வகை வண்டிகளில் பொதுவானது. பேரிங் தாங்கிக்குத் தகடு வைத்துச் சற்றே இறக்கியதும் அதிர்வு நின்றது. பட்டறையில் இதற்குக் கூலி வாங்கவில்லை. கிட்டின் பெட்டியிலேயே அந்தத் தகடுகளைத் தயாரிப்பாளர் சேர்த்துத் தந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

ஓட்டத்தில் தெரியும் மாற்றம் பெரியது. பாமணியாற்றுக் கரையின் குண்டும் குழியுமான பாதையில் பின்பக்கம் முன்பு போல எகிறி விலகுவதில்லை. ஒரு பள்ளத்தில் இறங்கினால் ஒரே அசைவில் அடங்கிவிடுகிறது. சுமையோடு மதகைக் கடக்கும்போது அந்தப் பழைய இடிச்சத்தம் இல்லை. வேதாரண்யம் சாலையில் வேகமாகப் போகும்போது பக்கக்காற்று அடித்தால் வண்டி முன்பைவிடச் சற்றுக் கூடுதலாகச் சாய்வது உண்மை. ஈர்ப்பு மையம் உயர்ந்த வண்டியை வளைவில் அதற்கேற்ற நிதானத்தோடுதான் ஓட்ட வேண்டும். காலி வண்டியில் சிறு மேடுகள் முன்பைவிடக் கொஞ்சம் கடினமாகத் தெரிகின்றன. என் சுமைப் பழக்கத்துக்கு அதை ஏற்றுக்கொள்ளலாம், நகரத்தில் மட்டும் ஓட்டுபவருக்கு அது பிடிக்காமல் போகலாம்.

கிட்டைப் பற்றிப் பேசுகிறவர்கள் எண்ணிப்பார்க்காத ஒன்று வண்டியின் சுமைப்பெட்டியின் உயரம். வண்டி உயர்ந்த அளவுக்குப் பின்கதவும் உயர்கிறது. தளர்ந்துபோன பழைய பட்டையோடு ஒப்பிட்டால் அந்த வேறுபாடு ஒன்றரை அங்குலத்தையும் தாண்டுகிறது. 45 கிலோ மூட்டையைத் தோளுக்கு ஏற்றி இறக்குகிறவருக்கும், நனைந்த நாற்றுக் கட்டுகளை வரப்பிலிருந்து தூக்கிப் போடும் பெண்களுக்கும் இந்த உயரம் ஒவ்வொரு தூக்கலிலும் கணக்கில் வரும். பம்பருக்குக் கீழே உறுதியான படி ஒன்றைப் பொருத்திய பிறகே இந்தச் சிரமம் குறைந்தது. வயல் வேலைக்கு வண்டி வைத்திருப்பவர்கள் அந்தப் படியையும் கிட்டோடு சேர்த்தே திட்டமிட வேண்டும்.

உப்பளப் பகுதிக்குப் போய்வருபவர்கள் பட்டைகளின் இடையிலும் கிளிப்புகளிலும் உள்ள உப்புச்சேற்றை நல்ல தண்ணீரால் கழுவிவிட வேண்டும். புதிய பட்டையின் பெயின்ட், கிளிப் உரசும் இடங்களில் மழைக்காலம் முடிவதற்குள்ளேயே தேய்ந்து துரு எட்டிப்பார்த்தது; இந்த விலைக்கு இன்னும் நல்ல பூச்சை எதிர்பார்த்தேன். யூ போல்ட்டுகளை முதல் 500 முதல் 1,000 கிலோமீட்டருக்குள் மறுபடி இறுக்குவது கட்டாயம். பட்டறை அதற்காகத் தானே அழைத்து நினைவூட்டியது.

செலவு, கூலி உட்பட ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. சட்டப் பக்கத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் முதலில் குறித்தவற்றிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்று 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு சொல்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. ஆகவே வேலையைத் தொடங்கும் முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விசாரித்து, காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவித்து, கிட்டின் பில்லையும் அலைன்மென்ட் அறிக்கையையும் வண்டிப் பத்திரங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். பின்பட்டை இன்னும் வளைவோடு இருக்கும் வண்டிக்காரர்கள், அந்தப் பணத்தை முதலில் நல்ல டயரில் போடுங்கள். பட்டை படுத்துவிட்ட வண்டியாக இருந்தால், எடைமேடைச் சீட்டோடு பட்டறைக்குப் போங்கள்.