வளவில் மழை விழுகிறதா? செட்டிநாட்டு வீடுகளுக்கு நேர்ந்த நான்கு கதிகள்

எங்கள் பாட்டையா கட்டிய வீட்டுக்கு இன்றைக்குப் பதினேழு பங்காளிகள். போன தையில் முன்னோருக்குப் போடும் படைப்புக்கு எல்லோரும் கூடியிருந்தபோது, சாப்பிட்டு இலை எடுத்த கையோடு வீட்டுப் பேச்சு வந்தது. வித்துவிடலாம் என்றார் ஒருவர். ஹோட்டல்காரர்களுக்குக் குத்தகைக்கு விடலாம் என்றார் இன்னொருவர். டைல்ஸ் போட்டு, ஏசி மாட்டி, நாமே வந்து தங்குகிற மாதிரி மாற்றிக்கொள்ளலாம் என்பது சிங்கப்பூரில் இருக்கும் தம்பியின் யோசனை. பெரியப்பா மட்டும், "ஓட்டை மாத்தி, சுண்ணாம்பு பூசி, இருந்தபடி வைங்கப்பா" என்றார். இந்த நாலு வழியிலும் ஏற்கெனவே போன வீடுகள் நம்மைச் சுற்றியே இருக்கின்றன. அவற்றைப் போய்ப் பார்த்துவிட்டு யாரும் பேசவில்லை என்பது எனக்கு உறுத்தலாகவே இருந்தது. ஐப்பசியில் நானும் பெரியப்பா மகன் அண்ணனும் இரண்டு நாள் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினோம்.

செட்டிநாட்டைச் சுற்றிப் பார்க்க டிசம்பர், ஜனவரிதான் நல்லது என்று எல்லோரும் சொல்வார்கள். வெயில் தாழ்ந்திருக்கும், உண்மைதான். வீடு எப்படி இருக்கிறது என்று பார்க்கப் போகிறவர்கள் ஐப்பசி, கார்த்திகையில், மழை நாளில் போகவேண்டும். இந்த வீடுகளே மழையை மனத்தில் வைத்துக் கட்டியவை. வற்றாத ஆறு எதுவும் இல்லாத வறண்ட சீமை இது. முகப்பு, பட்டாலை என்கிற முன்கூடம், வளவு என்கிற முற்றத்தைச் சுற்றிய நடுக்கட்டு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று நீளவாக்கில் போகிற வீட்டில், வாசலில் நின்றால் நிலைக்கதவுகள் வரிசையாகத் தெரிந்து கடைசியில் பின் தெரு வெளிச்சம் தெரியும். நடுவில் வளவு முற்றத்தை நோக்கி நாலு பக்கத்து ஓட்டுச் சரிவும் இறங்கும். சரிவுகள் சேரும் கூடல்வாய் வழியாகத் தண்ணீர் மூலைக்கு மூலை கொட்டும். அதற்குக் கீழே கங்காளம் என்கிற அகலவாய்ப் பாத்திரத்தை வைத்துப் பிடிப்பார்கள். மிஞ்சியது முற்றத்து வடிகால் வழியாகத் தெருக் கால்வாய்க்கும், அங்கிருந்து ஊருணிக்கும் போகும். ஒரு வீட்டைச் சீரமைத்தார்களா, வெறுமனே புதுசாக்கினார்களா என்று தெரிய வேண்டுமானால் எனக்கு இந்த ஒரு சோதனை போதும்: வளவில் இன்னும் மழை விழுகிறதா, விழுந்த தண்ணீர் எங்கே போகிறது?

முதலில் போனது ஆத்தங்குடி; அங்கே பார்த்தது இந்த நாலு வழியிலும் சேராத வீடு. லட்சுமி விலாஸ், ஊர்க்காரர்களுக்குப் பெரிய வீடு. டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போய்ப் பார்க்க முடிகிற வீடு இது என்பதே பெரிய விஷயம். கானாடுகாத்தானில் ராஜா சர் அண்ணாமலை செட்டியாரின் அரண்மனையையும் காரைக்குடியில் ஆயிரம் ஜன்னல் வீட்டையும் பார்க்க வருகிறவர்களில் பெரும்பாலானவர்கள் தெருவில் நின்று படம் எடுத்துக்கொண்டுதான் திரும்புகிறார்கள். ஆத்தங்குடியில் அந்த ஏமாற்றம் கிடையாது. தலையை நிமிர்த்தி விதானத்து வண்ண வேலையையும், குனிந்து தரையையும் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கலாம். செட்டிநாட்டு வீட்டின் பிரமாண்டத்தை ஒரே மணி நேரத்தில் காட்ட வேண்டுமென்றால் பிள்ளைகளை இங்கேதான் கூட்டிப்போவேன். ஆனால் டிக்கெட் வீட்டில் அடுப்பு எரிவதில்லை. பெட்டகசாலையில் சாமான் எடுத்துக் கொடுக்க ஒரு ஆச்சி இல்லை. எங்கள் வீட்டை இப்படி ஆக்க வேண்டுமென்றால் அதற்கு எங்கள் வீடு போதாது. ஊருக்கு ஒன்று இப்படி இருந்தால் நிறைவு.

ஆத்தங்குடி வரை போனவர்கள், தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் செய்கிற பட்டறையைப் பார்க்காமல் வரக்கூடாது. கண்ணாடிப் பலகை மேல் இரும்புச் சட்டம். அதற்குள் பூ அச்சை வைத்து, வண்ணம் கலந்த சிமெண்ட் குழம்பைக் கரண்டியால் கட்டம் கட்டமாக ஊற்றுகிறார்கள். அச்சைத் தூக்கியதும் வண்ணங்கள் ஒன்றோடொன்று கலந்துவிடாமல் அப்படியே நிற்கின்றன. மேலே உலர்ந்த மணல், சிமெண்ட் தூவி, பிறகு கலவை போட்டு அழுத்திக் காயவைத்து, தண்ணீர்த் தொட்டியில் நாள் கணக்கில் ஊறப்போடுகிறார்கள். சூளை கிடையாது, மெஷின் கிடையாது. கண்ணாடியின் வழவழப்புதான் கல்லின் வழவழப்பு. எங்கள் இரண்டாங்கட்டில் பெயர்ந்துபோன ஒரு துண்டை அண்ணன் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தான். பட்டறைக்காரர் வாங்கி, விளிம்பை நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு, அதே பூவுக்கு அச்சு வெட்டித் தருவதாகச் சொன்னார். தரையை முழுவதும் மாற்ற வேண்டியதில்லை, உடைந்ததை மட்டும் மாற்றலாம் என்பது எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. சுவரில் பதித்த ஜப்பான் டைல்ஸுக்கு இந்த வழி இல்லை, போனால் போனதுதான்.

ஹோட்டலான வீடுகளைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பங்காளிகளில் பாதிப்பேர் மனசு அங்கேதான் இருக்கிறது. கானாடுகாத்தான் விசாலம் 1930களில், கே.வி.ஏ.எல். ராமநாதன் செட்டியார் மூத்த மகள் விசாலாட்சிக்காகக் கட்டிய வீடு. அந்தக் காலத்து ஆர்ட் டெகோ பாணி. உயரமும் காற்றும் வெளிச்சமும் தாராளம். விருந்தினர் தங்குவதற்கு அதிகம் சிரமப்படுத்தாமல் மாற்ற முடிந்திருக்கிறது. கொத்தமங்கலம் சாரதா விலாஸ் வேறு மாதிரி. இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்து வீடு; செட்டிநாட்டு ஊர்களையும் வீடுகளையும் ஆவணப்படுத்திய இரண்டு பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர்கள் சீரமைத்தது. செட்டிநாட்டு ஊர்த் தொகுப்புகள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய இடங்களுக்கான உத்தேசப் பட்டியலில் 2014இல் ஏறியதற்குப் பின்னால் இப்படிப்பட்டவர்களின் உழைப்பு இருக்கிறது. திருமயம் பக்கம் கடியாபட்டி சிதம்பர விலாஸ் பெரிய குடும்ப வீட்டின் விஸ்தாரத்தோடு இருக்கிறது. மூன்றில் ஒன்றைத்தான் பார்க்க முடியும் என்றால் சாரதா விலாஸுக்குப் போகச் சொல்வேன். வீட்டை அலங்கரிப்பதற்கு முன்னால் அதைப் படித்துப் பார்த்தவர்கள் கை வைத்த வீடு அது.

காரைக்குடியில் ஹோட்டலாக இருக்கும் 'பங்களா'வை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. கிளப்பாக இருந்த பங்களா அது. நகரத்தார், அதாவது எங்கள் செட்டியார்கள், கட்டுகிற வீட்டின் அமைப்பே கிடையாது. வாழை இலையில் செட்டிநாட்டுச் சாப்பாட்டுக்குப் போகலாம், போகத்தான் வேண்டும்.

ஹோட்டல் ஆக்குவதில் நல்லது என்ன? கூரை ஒழுகாது. ஒழுகினால் மறுநாளே ஆள் ஏறும், ஏனென்றால் அறை வாடகை நிற்கும். எங்கள் வீட்டில் ஓடு உடைந்தால் பதினேழு பேருக்கும் சேதி போய், யார் பணம் போடுவது என்று முடிவாவதற்குள் ஒரு மழைக்காலம் போய்விடும். தச்சர், கொத்தனார், சமையல் ஆள் என்று ஊரில் பத்துப் பேருக்குப் பிழைப்பும் இருக்கிறது. இழப்பு எங்கே என்றால், வளவைச் சுற்றியிருக்கும் இரட்டை அறைகளில். கல்யாணம் ஆன ஒவ்வொரு மகனுக்கும் ஒரு அறை. புள்ளிக்கு, அதாவது கல்யாணமான ஒவ்வொரு தம்பதிக்கும், ஒன்று. வெளியறையில் புழக்கம், உள்ளறையில் சாமானும் நகையும். வீடு எத்தனை பெரிதானாலும் ஒரு புள்ளிக்கு உரியது அந்த அறைதான். ஹோட்டலுக்கு ஒவ்வொரு அறையோடும் குளியலறை வேண்டும். அதற்கு உள்ளறையை உடைக்கவோ, இரண்டு அறையை ஒன்றாக்கவோ நேர்கிறது. கெட்டிச் சுவருக்குள் தண்ணீர்க் குழாய் ஓடும். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் பங்காளிகள் கேட்க வேண்டிய முதல் கேள்வி வாடகை எவ்வளவு என்பது ஆகாது. குளியலறை எங்கே வரப்போகிறது, குத்தகை முடிந்து திரும்பி வரும்போது நம் அறை நம் அறையாக இருக்குமா என்று கேட்க வேண்டும். இன்னொன்று, அடுத்த தையில் படைப்பு எங்கே போடுவது?

இரண்டாம் நாள் எங்கள் ஊருக்கே வந்தோம். எங்கள் தெருவில் ஐந்து வீடு தள்ளி ஒன்றும், பின் தெருவில் ஒன்றுமாக, குடும்பத்தார் தங்களுக்காகவே வேலை பார்த்த வீடுகள் இரண்டு. மூன்று மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. நாங்கள் அதற்குத்தானே வந்தோம்.

முதல் வீடு ஆறு வருஷத்துக்கு முன்னால் மாற்றியது. வளவுக்கு மேல் பாலிகார்பனேட் கூரை. பொரிந்துபோன சுவர்களின் அடிப்பாகத்தில் இடுப்பளவு உயரத்துக்கு சிமெண்ட் பூச்சு. பட்டாலை ஆத்தங்குடிக் கல் மேலேயே பளபளப்பான புது டைல்ஸ். காரணம் இல்லாமல் அவர்கள் செய்யவில்லை. வீட்டு ஆச்சிக்கு எண்பது வயதுக்கு மேல். ஈர முற்றத்தில் ஒரு தரம் வழுக்கி விழுந்திருக்கிறார்கள். குரங்குத் தொல்லை வேறு. "மழைன்னா எனக்குப் பயமாப் போச்சுப்பா. இப்ப நிம்மதியாப் படுக்கிறேன்" என்றார்கள். அதை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் மழை வலுத்ததும் கூரைத் தகட்டின் இரைச்சலில் எதிரில் நின்று பேசுவது கேட்கவில்லை. தண்ணீர் பிளாஸ்டிக் குழாய் வழியாகச் சந்தில் விழுந்து, சுவர் ஓரமாகவே தேங்கியது. சிமெண்ட் பூச்சுக்கு மேல், பழைய சுண்ணாம்புச் சுவர் தொடங்குகிற இடத்தில், ஒரு கோடு போட்ட மாதிரி உப்புப் பூத்திருந்தது. அண்ணன் விரலை வைத்தான்; மாவாக உதிர்ந்தது. சுண்ணாம்புச் சுவர் மண்ணிலிருந்து ஈரத்தை இழுக்கும், காற்றில் விட்டுவிடும். சிமெண்டைப் பூசி வாயை அடைத்தால் ஈரம் மேலே ஏறி வேறு இடத்தில் வெளியே வரும். ஆறு வருஷத்தில் இரண்டு தரம் பெயின்ட் அடித்துவிட்டார்களாம்.

பின் தெரு வீட்டுக்குப் பின்வாசல் வழியாகவே போனோம். அங்கே வளவில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. முற்றத்துக்கு மேலே இரும்புக் கம்பி வலை மட்டும். குரங்கு இறங்காது, திருடன் இறங்கமாட்டான், மழை இறங்கும். நாலு கூடல்வாயிலும் புதுத் தகரம். தண்ணீர் முற்றத்துக் கல் வடிகாலில் சுழித்து இறங்கி, தெருவுக்குப் போயிற்று. குளியலறை இரண்டும் அடுப்படியைத் தாண்டிப் பின்கட்டில். வளவைச் சுற்றிய நடையில் வயதானவர்களுக்காகப் பித்தளைக் கைப்பிடி வைத்திருக்கிறார்கள். அந்த ஆச்சிக்கும் இது ஒன்று இருந்திருந்தால் கூரை தேவைப்பட்டிருக்காது என்று எனக்குத் தோன்றியது.

பூச்சு வேலைதான் அவர்களைச் சோதித்திருக்கிறது. சுண்ணாம்பை நீற்றி, குழியில் ஊறவைத்து, மணலோடு அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரை விட்டுக் குழைத்து, ஒரு பூச்சு காய்ந்த பிறகு அடுத்த பூச்சு. கடைசிப் பூச்சுக்கு முட்டை வெள்ளைக்கரு சேர்த்துத் தேய்த்துத் தேய்த்து மினுக்க வேண்டும். கொத்தனார் சொன்ன கூலி, சிமெண்டுக்குச் சொன்னதைப் போல இரண்டு மடங்குக்கு மேல். ஒரு தூண் சரியாக வரவில்லை என்று சுரண்டி எடுத்துவிட்டு மறுபடியும் பூசினாராம். நான் அந்தத் தூணில் கன்னத்தை வைத்துப் பார்த்தேன். சின்ன வயதில் சித்திரை வெயிலில் எங்கள் வீட்டுத் தூணில் இப்படித்தான் வைத்துக்கொண்டு நிற்போம். அதே சில்லிப்பு.

இரண்டு வீட்டுக்கும் ஆன செலவை அண்ணன் ஒரு தாளில் எழுதிப் பார்த்தான். முன்பணம் என்று பார்த்தால் முதல் வீடுதான் மலிவு, சந்தேகமே இல்லை. வேலையும் மூன்று மாதத்தில் முடிந்துவிட்டது. பின் தெருவில் பதினாலு மாதம். மறு பெயின்ட், மறு பூச்சு, மூடிய வளவுக்குள் சேரும் சூட்டைத் தணிக்க ஓடும் ஏசி எல்லாவற்றையும் சேர்த்தால் அந்த மலிவு நிற்கவில்லை. அடியில் பழைய கல் இருப்பது தெரிந்தும் டைல்ஸைப் பெயர்க்கப் பயப்படுகிறார்கள். பெயர்த்தால் இரண்டும் சேர்ந்து வரும்.

திரும்புகிற வழியில் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் நிறுத்தினோம். "வித்துவிடலாம்" என்ற யோசனையின் கடைசி இடம் இதுதான். பர்மா யுத்தத்தில் 1942இல் அங்கிருந்த தொழிலை விட்டு வந்த பிறகு பல குடும்பங்களுக்கு இந்த வீடுகளைக் கட்டிக்காக்க வழி இல்லாமல் போயிற்று. பூட்டிக் கிடந்து, பாகம் பிரியாமல், கடைசியில் மரத்துக்கும் கல்லுக்குமாக உடைபட்ட வீடுகளின் சாமான்கள் இங்கே வரிசையாக நிற்கின்றன. தேக்குத் தூண், நிலைக்கதவு, எனாமல் பாத்திரம், கல்யாணப் படங்கள் சட்டத்தோடு. இவற்றை வாங்கிப்போய்ச் சென்னையில் புது வீட்டில் வைக்கிறவர்கள் அழகாகத்தான் வைக்கிறார்கள். கரையானுக்குப் போவதைவிட அது மேல். ஒரு கடையில் கஜலட்சுமி செதுக்கிய நிலை ஒன்று சுவரில் சாய்த்து வைத்திருந்தது. அதன் அடிப்படியில், கால் பட்டுப் பட்டு நடுவில் மட்டும் குழிந்திருந்தது. அண்ணன் விலை கேட்கவில்லை. வண்டிக்கு வந்த பிறகும் ரொம்ப நேரம் பேசவில்லை.

கார்த்திகையில் போனில் கூடிப் பேசினோம். விற்பது என்ற பேச்சு நின்றது. ஹோட்டல் வேண்டும் என்றவர்களுக்கு ஒரு சமரசம்: முகப்பு மாடி இரண்டு அறையை மட்டும் விருந்தினருக்கு விடலாம், அவற்றுக்கான குளியலறை பின்கட்டில்தான், வளவு பங்காளிகளுக்கே. வருகிறவர்கள் பின்கட்டு வரை நடக்கச் சம்மதிப்பார்களா என்று தம்பி கேட்டான். சம்மதிக்கிறவர்கள் வரட்டும் என்றார் பெரியப்பா. முற்றத்துக்குக் கம்பி வலை, நடைக்குக் கைப்பிடி. பூச்சு பிறகு, பணம் சேரச் சேர அறை அறையாகப் பார்த்துக்கொள்ளலாம். கூரைதான் முதல் வேலை, அதற்குப் பதினேழு பேரில் பதினான்கு பேர் பங்கு அனுப்பிவிட்டார்கள்.

பின் தெரு வீட்டுக்கு வேலை பார்த்த அதே கொத்தனார், தை பிறந்ததும் ஓடு பிரிக்க வருகிறார். தென்மேற்குக் கூடல்வாயில் தொடங்கச் சொல்லியிருக்கிறோம். அங்கேதான் உத்திரம் கறுத்திருக்கிறது.