ஒரே மடிக்கணினி, இரண்டு மேசைகள்

ஒரே வேலையை வீட்டிலும் அலுவலகத்திலும் மாறி மாறித் தொடர, வீட்டில் ஒரு கணினி, அலுவலகத்தில் ஒரு கணினி, நடுவே கோப்புகளை ஒத்திசைக்கும் மென்பொருள் என்ற ஏற்பாட்டில்தான் நான் நெடுநாள் இருந்தேன். கைவீசிக்கொண்டு போய் வரலாம் என்பது அதன் கவர்ச்சி. ஒரு மாலை அலுவலகத்தில் அறிக்கையைத் திருத்தியதும் கணினியை அணைத்துவிட்டுக் கிளம்பினேன். திருத்தம் இணையச் சேமிப்பகத்துக்கு மேலேறி முடிவதற்குள் அணைத்திருக்கிறேன். இரவு வீட்டில் திறந்தால் காலைப் பிரதிதான் இருந்தது; தெரியாமல் அதிலேயே எழுதினேன். மறுநாள் ஒரே பெயரில் இரண்டு கோப்புகள், ஒன்றின் வாலில் ‘முரண்பட்ட நகல்’ என்ற ஒட்டு. வரி வரியாகப் பார்த்து ஒன்றாக்க அரை நாள் போயிற்று.

சிங்க்திங் போல நடுவில் சேமிப்பகம் இல்லாத மென்பொருளில் இரண்டு கணினிகளும் ஒரே நேரத்தில் இயங்கினால்தான் கோப்பு நகரும். மாலையில் அணைத்துவிட்டு வருபவருக்கு அது எப்படி உதவும்? தவிர, கோப்புகள்தான் ஒத்திசையும்; திறந்து வைத்த பக்கங்களும் பாதியில் விட்ட வேலையும் அங்கேயே நின்றுவிடும்.

இயங்குதளத்தையே வெளிப்புற எஸ்எஸ்டி வட்டில் போட்டு எடுத்துச் செல்வது இரண்டாவது வழி. விண்டோஸ் 8 காலத்தில், 2012இல், இதற்கென்றே ‘விண்டோஸ் டு கோ’ வந்தது. 2020இல் விண்டோஸ் 10இன் ‘2004’ என்ற எண் கொண்ட பதிப்பில் அதை நீக்கிவிட்டார்கள். லினக்ஸில் இன்றும் செய்யலாம். ஆனால் யுஎஸ்பி வழியாகத் துவக்குவதைப் பல அலுவலகங்கள் தடுத்து வைத்திருக்கின்றன.

வீட்டிலிருந்தே அலுவலகக் கணினியைத் தொலைவிலிருந்து இயக்குவது, தரவு வெளியே போகக் கூடாத வேலைக்கு மிகச் சரியான வழி. சொந்தக் கணினியை உள்ளே விடாத அலுவலகம் என்றால் பேச்சே இல்லை, இதுதான். விண்டோஸின் தொலை இயக்க வசதி பயன்படுத்தும் 3389 என்ற போர்ட்டை (இணைப்பு வாயிலை) மட்டும் நேரடியாக இணையத்துக்குத் திறந்துவிடாதீர்கள். அலுவலக வலையமைப்புக்குப் பாதுகாப்பான தனிவழி தரும் விபிஎன் வழியாகவே நுழையுங்கள்.

மற்றவர்களுக்கு என் பரிந்துரை ஒரே மடிக்கணினி. இரு மேசைகளிலும் தனித்தனியே திரை, விசைப்பலகை, இவற்றையும் மின்சாரத்தையும் ஒரே கேபிளில் மடிக்கணினிக்குத் தரும் டாக் என்ற பெட்டி இருக்கட்டும். பையில் சார்ஜர்கூட வேண்டாம். உட்கார்ந்ததும் ஒரு யுஎஸ்பி-சி கேபிளைச் செருகினால், நேற்று எந்த வரியில் நிறுத்தினோமோ அந்த வரி பெரிய திரையில் எழுந்து வருகிறது. இந்தச் சுகத்துக்கு ஈடில்லை.

டாக் வாங்கும்போதுதான் கவனம் வேண்டும். நான் முதலில் வாங்கிய மலிவான ஹப்பில் 4கே திரை 30 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 30 முறை மட்டும் படம் மாறும்படி, ஓடியது. மவுஸ் சுட்டி தத்தித் தத்திப் போகும். யுஎஸ்பி-சியில் நான்கு வேகத் தடங்கள் உண்டு. இரண்டை வேகமான யுஎஸ்பி தரவு எடுத்துக்கொண்டால் படத்துக்கு மிஞ்சுவது இரண்டே, திரைக்குப் படம் அனுப்பும் தரமான டிஸ்ப்ளேபோர்ட்டின் 1.2 பதிப்பில் அவை 4கேக்கு 30 ஹெர்ட்ஸ்தான் தரும். டிஸ்ப்ளேபோர்ட் 1.4 இருபுறமும் இருந்தால் அதே இரண்டில் 60 கிடைக்கும். அதே யுஎஸ்பி-சி வடிவச் செருகியில் நொடிக்கு 40 கிகாபிட் வேகம் தரும் தண்டர்போல்ட் டாக்கில் இந்த நெருக்கடியே இல்லை, விலைதான் கூடுதல். இரண்டு திரை வேண்டுபவர்கள் கணினியின் வரம்பையும் பாருங்கள்: எம்1 மேக்புக் ஏர் நேரடியாக ஒரு வெளித்திரையை மட்டுமே ஏற்கும். டாக் தரும் வாட், உங்கள் சார்ஜர் தருவதைவிடக் குறையக் கூடாது.

எல்லாம் ஒரே பெட்டியில் இருப்பதால் அது தொலைந்தால் எல்லாம் போகும். பிறர் படிக்க முடியாதபடி வட்டை மறையாக்கம் செய்துவிடுங்கள். வீட்டு டாக்கில் நான் ஒரு காப்பு வட்டை நிரந்தரமாகவே செருகி வைத்திருக்கிறேன். மாலையில் அந்த ஒற்றைக் கேபிளை இணைத்ததும் அன்றைய நகலெடுப்பு தொடங்கிவிடுகிறது.